வாசகர் கேள்வி–பதில்: கணினி அறிவியல் படிக்க ஸ்பெயினுக்குப் போகலாமா?

இந்த மாதம் கல்விப் பகுதிக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைக் கேட்டிருந்தன. இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் கல்விக் கட்டணம் நடுத்தரக் குடும்பங்களின் கைக்கு எட்டாத அளவுக்கு ஏறிவிட்ட நிலையில், கணினி அறிவியல் படிக்க விரும்பும் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் ஸ்பானிஷ் பேசும் நகரங்களைப் பற்றி விசாரிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு, இம்முறை இதற்கே முழு இடத்தையும் ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் மகன் ஆறாம் படிவத்தில் படிக்கிறான், கணிதத்திலும் இயற்பியலிலும் நல்ல புள்ளிகள் வாங்குபவன். பார்சிலோனாவில் அரசுப் பல்கலைக்கழகக் கட்டணம் குறைவு என்று உறவினர் ஒருவர் சொன்ன நாளிலிருந்து, அங்கேதான் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். ஆறாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.டி.பி.எம். முடிந்த கையோடு இளங்கலைப் படிப்புக்கு அனுப்பலாமா, ஐயா?
— ஒரு தாயார், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: அனுப்பலாம், அம்மா. ஆனால் ‘முடிந்த கையோடு’ என்பதை மட்டும் விட்டுவிடுங்கள். தேர்வு முடிந்த நாளுக்கும் அங்கே வகுப்பில் உட்காரும் நாளுக்கும் இடையே ஏறத்தாழ ஓராண்டு இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்த ஓராண்டு மொழிக்கும் ஆவணங்களுக்கும் உரியது.

முதலில் மொழியைப் பார்ப்போம். பார்சிலோனா இருப்பது கத்தலோனியாவில். அங்கே ஸ்பானிஷ் மொழியோடு கத்தலானும் ஆட்சிமொழி. உங்கள் மகன் மனத்தில் வைத்திருப்பது பெரும்பாலும் கத்தலோனியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாகத்தான் இருக்கும். அதன் பார்சிலோனா கணினிப் புலம் 1976இல் தொடங்கப்பட்டது. ஸ்பெயினில் இத்துறைக்குப் பெயர்பெற்ற இடங்களில் ஒன்று. அங்கே எந்த ஆட்சிமொழியில் பாடம் நடத்துவது என்பதை ஆசிரியர் முடிவு செய்யலாம். மாணவர் தேர்வில் எந்த மொழியில் விடை எழுதுவது என்பதைத் தாமே முடிவு செய்துகொள்ளலாம். அதாவது, உங்கள் மகன் ஸ்பானிஷ் மொழியில் எழுத முடியும். ஆனால் காதில் விழுவது பல வகுப்புகளில் கத்தலானாக இருக்கும். ஸ்பானிஷ் நன்றாகத் தெரிந்தவருக்குக் கத்தலானைக் கேட்டுப் புரிந்துகொள்ள ஒரு பருவம் போதும். ஸ்பானிஷே அரைகுறையாக இருப்பவருக்கு அந்த முதல் பருவம் வீணாகிவிடும்.

கத்தலான் வேண்டாம், ஸ்பானிஷ் மட்டும் போதும் என்றால் மாட்ரிட் இருக்கிறது. மாட்ரிட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், கொம்ப்லுதென்சே பல்கலைக்கழகம், மூன்றாம் கார்லோஸ் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றிலும் கணினிப் பட்டப்படிப்பு உண்டு. இவற்றுள் மூன்றாம் கார்லோஸ் பல்கலைக்கழகம் தன் லெகனேஸ் வளாகத்தில் ஆங்கில வழியிலும் இப்படிப்பை நடத்துகிறது. ஆங்கிலத்தில் மட்டுமே படிக்க விரும்பும் பிள்ளைகள் முதலில் விசாரிக்க வேண்டிய இடம் அதுதான். தெற்கே கிரனாடாப் பல்கலைக்கழகத்தையும் சொல்லலாம்; மாட்ரிட், பார்சிலோனாவை விட அங்கே வாழ்க்கைச் செலவு தெளிவாகக் குறைவு.

அடுத்தது தகுதி. நம் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். பதினோராம் ஆண்டோடு முடிகிறது. ஸ்பெயினின் பள்ளிக் கல்வியோ ‘பச்சியெராத்தோ’ என்ற நிலையில் பன்னிரண்டாம் ஆண்டில்தான் முடிகிறது. எனவே எஸ்.பி.எம். சான்றிதழை மட்டும் நம்பிப் புறப்படக் கூடாது, எஸ்.டி.பி.எம். அல்லது ஏ-லெவல் போன்ற அடுத்த கட்டச் சான்றிதழ் கையில் இருப்பது நல்லது. உங்கள் மகன் ஆறாம் படிவத்தில் இருப்பதால் அந்தக் கவலை இல்லை. அவருடைய சான்றிதழைப் பச்சியெராத்தோவுக்கு இணையானது என்று ஸ்பெயின் கல்வியமைச்சு ஏற்றுக்கொள்ள வேண்டும். இதற்கென ஒரு விண்ணப்பம் உண்டு. சான்றிதழ்களை முதலில் மலேசிய வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ராவிலும் பிறகு கோலாலம்பூரிலுள்ள ஸ்பெயின் தூதரகத்திலும் உறுதிப்படுத்தி, அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் மூலம் ஸ்பானிஷுக்கு மாற்றி இணைக்க வேண்டியிருக்கும். இந்தக் கோப்பு மாதக்கணக்கில் நகரும். பெயரின் எழுத்துக்கூட்டல் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் கடப்பிதழில் வேறு விதமாகவும் இருக்கிறதா என்பதை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். தந்தை பெயரை ஒட்டி எழுதும் நம்மவர்களிடம் இந்தச் சிக்கல் மிகுதி.

சான்றிதழ் இணையானது என்று ஏற்கப்பட்ட பிறகும் இடம் கிடைத்துவிடாது. ஸ்பெயினின் தொலைநிலைப் பல்கலைக்கழகமான ‘ஊனெத்’ வெளிநாட்டு மாணவருக்கென்று பாடவாரியான தேர்வு ஒன்றை நடத்துகிறது. பெயர்பெற்ற அரசுப் பல்கலைக்கழகங்களின் கணினிப் படிப்பில் சேர விரும்புவோர் கணிதத்தையும் இயற்பியலையும் எடுத்து அத்தேர்வை எழுதுவது நன்மை தரும். ஏனெனில் அங்கே சேர்க்கைப் புள்ளி 14க்குக் கணக்கிடப்படுகிறது. சென்ற ஆண்டு கடைசியாக இடம் பெற்ற மாணவரின் புள்ளி எவ்வளவு என்பதை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் வெளியிடும். உங்கள் மகனை அந்த எண்ணைத் தேடி எடுத்து எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

கட்டணத்தைப் பற்றி உறவினர் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் முழு உண்மை இல்லை. ஸ்பெயினில் இளங்கலை நான்கு ஆண்டுகள், 240 கிரெடிட்டுகள், ஆண்டுக்கு 60. ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்று சட்டமே வரையறுத்திருக்கிறது. ஆக, ஓராண்டு என்பது குறைந்தது 1,500 மணி நேரம். கட்டணத்தையும் கிரெடிட் கணக்கில்தான் வாங்குகிறார்கள். அந்த விலையை நிர்ணயிப்பது அந்தந்த மாநில அரசு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவருக்குச் சில மாநிலங்களில் விலை கூடுதல். உங்கள் மகனுக்குப் பொருந்தும் விலையைப் பல்கலைக்கழகத்திடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பாடத்தில் தோற்று அதை இரண்டாம் முறை எடுத்தால் அதே பாடத்துக்குக் கட்டணம் ஏறும். மூன்றாம் முறை இன்னும் ஏறும். முதலாண்டில் குறைந்தபட்சம் இத்தனை கிரெடிட்டுகள் தேற வேண்டும், இல்லையென்றால் இடமே போய்விடும் என்ற விதியும் பல இடங்களில் உண்டு. மொழி தெரியாமல் போகும் பிள்ளை அந்த மலிவான கட்டணத்தை இரண்டு மடங்காகக் கட்டும் நிலை இப்படித்தான் உருவாகிறது.

உங்கள் மகன் இப்போதே செய்யக்கூடிய ஒரு காரியம் சொல்கிறேன். கத்தலோனியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் உருவாக்கிய ‘ஜுட்ஜ்’ என்ற இணையதளம் இருக்கிறது. நிரல் எழுதும் பயிற்சிக் கணக்குகள் அதில் கத்தலானிலும் ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கும். பதிவு செய்யக் கட்டணமில்லை. நிரலை அனுப்பினால், மறைத்து வைத்திருக்கும் சோதனை எண்களைக் கொடுத்து இயக்கிப் பார்த்து, சரியானால் பச்சை விளக்கும் தவறானால் சிவப்பு விளக்கும் காட்டும். எந்த எண்ணில் தவறியது என்பதை மாணவரே கண்டுபிடிக்க வேண்டும். முதல் வாரம் கணக்கை ஆங்கிலத்தில் படித்துச் செய்யட்டும். பிறகு அதே வகைக் கணக்குகளை ஸ்பானிஷில் மட்டும் படித்துச் செய்யட்டும். மூன்று மாதம் இதை விடாமல் செய்கிறாரா என்று பாருங்கள். செய்தால், அவருடைய பிடிவாதம் வெறும் ஆசையல்ல என்று நீங்கள் நம்பலாம்.

கேள்வி: நான் ஐந்தாம் படிவ மாணவன். மொழிபெயர்ப்புச் செயலிகளும் செயற்கை நுண்ணறிவும் இவ்வளவு வளர்ந்துவிட்ட காலத்தில், கணினி படிக்க ஸ்பானிஷ் மொழியைச் சிரமப்பட்டுக் கற்கத்தான் வேண்டுமா? நிரல்மொழிகள் எல்லாம் ஆங்கிலச் சொற்களில்தானே இருக்கின்றன?
— மாணவர், பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: கற்கத்தான் வேண்டும், தம்பி. தேர்வு மண்டபத்தில் கைப்பேசியை வெளியே வைத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். அங்கே வினாத்தாளில் ‘வரிசைப்படுத்தப்பட்ட பட்டியல்’ என்று இருக்கிறதா, ‘வரிசைப்படுத்தப்படாத பட்டியல்’ என்று இருக்கிறதா என்பதைத் தவறாகப் படித்தால், நீங்கள் எழுதும் தேடல் நிரல் எவ்வளவு அழகாக இருந்தாலும் புள்ளி கிடையாது. கணினிப் படிப்பில் நிரல் எழுதுவது ஒரு பகுதிதான். தருக்கக் கணிதம், நிகழ்தகவு, இயங்குதளம், தரவுத்தளம் என்று ஒவ்வொன்றிலும் நிரூபணங்களை வாக்கியங்களாக எழுத வேண்டும்.

ஆய்வகமும் அப்படித்தான். இரண்டு பேர் ஒரு திரையின் முன் உட்கார்ந்து, நினைவகப் பிழை ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று வையுங்கள். பக்கத்தில் இருப்பவர் ‘இந்த இடத்தில் நினைவகத்தை விடுவித்துவிட்டு, கீழே அதையே மறுபடியும் தொடுகிறாய்’ என்று வேகமாகச் சொல்லித் திரையைத் தொட்டுக் காட்டுகிறார். நீங்கள் கைப்பேசியை எடுத்து அவரிடம் நீட்டி மறுபடியும் சொல்லச் சொன்னால், முதல் முறை சிரித்துக்கொண்டே சொல்வார். பத்தாவது முறை வேறு கூட்டாளியைத் தேடிக்கொள்வார். இறுதியாண்டில் ஒரு திட்டப்பணியைச் செய்து, தேர்வுக் குழுவின் முன் நின்று கேள்விகளுக்கு வாய்மொழியாக விடை சொல்லும் கட்டமும் இருக்கிறது.

தமிழ் பேசி வளர்ந்தவருக்கு ஸ்பானிஷ் அவ்வளவு அந்நியமாக இருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். உயிரெழுத்துகள் ஐந்தும் தெளிவானவை, எழுதியபடியே படிக்கலாம். வந்தேன், வந்தாய், வந்தார்கள் என்று நாம் வினையின் விகுதியிலேயே ஆளைக் காட்டுவதைப் போல அவர்களும் காட்டுகிறார்கள். எழுவாயைச் சொல்லாமலே பேசலாம். ஆங்கிலம் வழியாக மட்டும் கற்பவர் தடுமாறும் இந்த இடத்தை நீங்கள் எளிதாகக் கடந்துவிடுவீர்கள்.

சான்றிதழுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஸ்பானிஷ் மொழியைப் பரப்பும் ஸ்பெயின் அரசு அமைப்பான செர்வாந்தேஸ் கழகம் நடத்தும் ‘டெலே’ தேர்வின் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. ‘சியெலே’ தேர்வின் சான்றிதழ் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். பல்கலைக்கழகப் பாடத்தைப் பின்தொடர ‘பி2’ நிலை, அதாவது ஐரோப்பிய மொழித்தர அளவுகோலில் இடைநிலைக்குச் சற்று மேற்பட்ட நிலை, வேண்டும். ஒன்றுமே தெரியாத நிலையிலிருந்து அங்கே போய்ச் சேர, வாரத்துக்கு ஒரு வகுப்பு போதவே போதாது. தினமும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஒன்றரை ஆண்டாவது ஒதுக்குங்கள். நீங்கள் ஐந்தாம் படிவத்தில் இருப்பதால் அந்தக் காலம் உங்களிடம் இருக்கிறது.

கேள்வி: உள்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் கணினிப் பொறியியல் பட்டம் பெற்று, பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் சில்லு (சிப்) சோதனைப் பிரிவில் மூன்று ஆண்டுகளாக வேலை செய்கிறேன். முதுகலை படிக்க ஸ்பெயின் பொருத்தமான இடமா? உதவித்தொகைக்கு வாய்ப்பு இருக்கிறதா?
— வாசகர், பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: இந்த மாதம் வந்த கடிதங்களில், ‘தயங்காமல் விண்ணப்பியுங்கள்’ என்று என்னால் முழுமனத்தோடு சொல்ல முடிவது உங்களுக்குத்தான். பட்டமும் பணியனுபவமும் கையில் இருக்கின்றன. முதுகலையை ஆங்கிலத்திலேயே படிக்கலாம். காலமும் ஓராண்டு முதல் இரண்டாண்டுதான். இளங்கலைக்குச் சொன்ன மொழிச் சுமையில் பாதி இங்கே இல்லை.

கத்தலோனியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் கணினியியலில் புத்தாக்கமும் ஆராய்ச்சியும் என்ற முதுகலையை ஆங்கிலத்தில் நடத்துகிறது. செயற்கை நுண்ணறிவு முதுகலையைப் பார்சிலோனாப் பல்கலைக்கழகத்தோடும் தரகோனாவிலுள்ள ரொவிரா இ விர்ஜிலிப் பல்கலைக்கழகத்தோடும் சேர்ந்து நடத்துகிறது, அதுவும் ஆங்கிலத்தில்தான். உங்கள் பின்னணிக்கு முதலாவதே நெருக்கமானது என்று நினைக்கிறேன், அதற்குக் காரணம் அந்த வளாகத்திலேயே இருக்கும் பார்சிலோனா மீக்கணினி (சூப்பர் கம்ப்யூட்டர்) மையம்.

2005இல் நிறுவப்பட்ட அம்மையத்தின் ‘மாரே நோஸ்த்ரும்’ என்ற மீக்கணினி, பழைய தேவாலயம் ஒன்றின் உள்ளே, கண்ணாடிச் சுவர்களுக்குள் வைக்கப்பட்டிருந்தது. அந்த வரிசையில் ஐந்தாவது கணினி 2023 டிசம்பரில் தொடங்கி வைக்கப்பட்டது. அது பக்கத்திலுள்ள புதிய கட்டடத்தில் இயங்குகிறது. உங்களுக்கு முக்கியமான செய்தி அதுவன்று. அந்த மையம் சில்லு வடிவமைப்பிலும் இறங்கியிருக்கிறது. ‘ரிஸ்க்-ஐந்து’ என்ற, யாரும் பயன்படுத்தக்கூடிய திறந்த கட்டளைத் தொகுதியை (சில்லு புரிந்துகொள்ளும் அடிப்படைக் கட்டளைகளை) அடிப்படையாகக் கொண்ட ‘லகார்த்தோ’ என்ற கணினிச் சில்லை, மெக்சிகோவின் தேசியத் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்களும் சேர்ந்து உழைத்து, 2019இல் வெளியிட்டார்கள். மையத்தை நிறுவிய மதேயோ வலேரோ, கணினிக் கட்டமைப்புத் துறையில் மிக உயர்ந்ததாகக் கருதப்படும் எக்கெர்ட்–மாக்லி விருதை 2007இல் பெற்றவர்.

பினாங்கில் இன்டெல் தொழிற்சாலை திறந்தது 1972இல். அரை நூற்றாண்டாக நம்மவர்கள் வேறு யாரோ வடிவமைத்த சில்லுகளை இணைத்தும் சோதித்தும் வந்திருக்கிறார்கள். இன்று வடிவமைப்பு வேலையும் தீவுக்கு வருகிறது, ஆனால் அதற்கு வேண்டிய ஆட்கள் போதவில்லை. ஒரு சில்லு எங்கே தோற்கிறது என்பதைக் கையால் தொட்டு அறிந்த நீங்கள், அது எப்படி வடிவமைக்கப்படுகிறது என்பதையும் கற்றுத் திரும்பினால், அந்த இரண்டும் சேர்ந்த அறிவுக்கு இங்கேயே இடம் இருக்கிறது. விண்ணப்பத்தோடு அனுப்பும் நோக்க அறிக்கையில் இதைத்தான் எழுத வேண்டும். ‘சிறு வயது முதலே கணினியில் ஆர்வம்’ என்று தொடங்க வேண்டாம். நீங்கள் சோதித்த பிழை ஒன்றை, அதன் காரணத்தோடு, ஒரு பத்தியில் விவரியுங்கள்.

உதவித்தொகைக்கு முதலில் பார்க்க வேண்டியது ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுகலைத் திட்டங்கள். எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். தேர்வானவருக்குக் கல்விக் கட்டணமும் காப்பீடும் கட்டப்படுவதோடு மாதம் 1,400 யூரோவும் கிடைக்கும். பெருந்தரவு மேலாண்மையும் பகுப்பாய்வும் என்ற திட்டத்தில் பிரஸ்ஸல்ஸில் ஒரு பருவமும் பார்சிலோனாவில் ஒரு பருவமும் படிக்கும்படி அமைத்திருக்கிறார்கள். செப்டம்பரில் தொடங்கும் படிப்புக்கு இத்தகைய திட்டங்களின் விண்ணப்பம் பெரும்பாலும் ஜனவரியை ஒட்டி முடிந்துவிடும். ஆகவே பரிந்துரைக் கடிதங்களைத் தீபாவளிக்கு முன்பே கேட்டு வைத்துவிடுங்கள். ஒன்று பேராசிரியரிடமிருந்தும் ஒன்று வேலையிடத்திலிருந்தும் இருக்கட்டும்.

கேள்வி: மகளை மாட்ரிட்டுக்கு அனுப்ப நினைக்கிறோம். முகவர் ஒருவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி 15,000 ரிங்கிட் கேட்கிறார். விசா தேவையில்லை, 90 நாள் அனுமதியில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார். நம்பலாமா? மொத்தச் செலவு எவ்வளவு ஆகும்?
— தந்தையார், பத்துமலை

பதில்: இரண்டாவது பேச்சுக்காகவே அந்த முகவரை விட்டு விலகிவிடுங்கள், ஐயா. மலேசியக் கடப்பிதழ் உள்ளவர் 180 நாளில் 90 நாள் வரை ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கு விசா இல்லாமல் போய்வரலாம் என்பது உண்மை. ஆனால் அது சுற்றிப் பார்ப்பவருக்கும் குறுகிய காலம் தங்குபவருக்கும் உரியது. நான்கு ஆண்டுப் படிப்புக்குப் போகிறவர் இங்கே கோலாலம்பூரில் உள்ள ஸ்பெயின் தூதரகத்தில் மாணவர் விசா பெற்றுப் போவதே பாதுகாப்பான வழி.

அதற்குச் சேர்க்கைக் கடிதம், மருத்துவச் சான்று, ஸ்பெயினில் செல்லுபடியாகும் முழு மருத்துவக் காப்பீடு, விஸ்மா புத்ரா தரும் நன்னடத்தைச் சான்றிதழ், செலவுக்குப் பணம் இருக்கிறது என்பதற்கான ஆதாரம் ஆகியவை வேண்டும். பணத்தின் அளவை ஸ்பெயின் அரசு ‘ஐப்ரெம்’ என்ற குறியீட்டோடு இணைத்திருக்கிறது. 2023 முதல் அது மாதத்துக்கு 600 யூரோ, ஆண்டுக்கு 7,200 யூரோ. ஒரு யூரோவை 5 ரிங்கிட் என்று வைத்தால் 36,000 ரிங்கிட். இது விசாவுக்குக் காட்ட வேண்டிய தொகை மட்டுமே. மாட்ரிட்டிலும் பார்சிலோனாவிலும் பிறரோடு பகிர்ந்துகொள்ளும் வீட்டில் ஓர் அறைக்கே 500 யூரோவுக்கு மேல் கேட்கும் காலம் இது. உணவு, பயணம், கைப்பேசி, காப்பீடு எல்லாம் சேர்த்து மாதம் 1,000 யூரோ என்று கணக்குப் போடுங்கள். நான்கு ஆண்டுக்கு அது 48,000 யூரோ, அதாவது 240,000 ரிங்கிட். கல்விக் கட்டணம் இதற்கு மேல். குறைந்த கட்டணத்தைப் பார்த்து மயங்குகிற பெற்றோர் கவனிக்கத் தவறுவது இந்தப் பெரிய எண்ணைத்தான்.

பிடிபிடிஎன் என்ற அரசு உயர்கல்விக் கடன் உள்நாட்டுக் கல்விக்கூடங்களுக்கு மட்டுமே உரியது. அதை நம்ப வேண்டாம். உங்கள் ஊழியர் சேமநிதியில் நல்வாழ்வுக் கணக்கு, அதாவது அக்காவுன் செஜாத்ராவிலிருந்து, பிள்ளையின் உயர்கல்விக் கட்டணத்துக்கு எடுக்க வழி இருக்கிறது. எடுப்பதற்கு முன் உங்கள் ஓய்வுக்கால நிலைமையையும் எண்ணிப் பாருங்கள். மாணவர் வாரத்துக்கு 30 மணி நேரம் வரை வேலை செய்யச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆயினும் முதலாண்டில் மகளை வேலைக்குப் போகச் சொல்லாதீர்கள். முதல் பதிலில் சொன்ன, ஓராண்டுப் படிப்புக்கு 1,500 மணி நேர உழைப்பு என்ற கணக்கை நினைவில் வையுங்கள்.

முகவர்களில் நேர்மையானவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பல்கலைக்கழக விண்ணப்பம், ஊனெத் பதிவு, கல்வியமைச்சு விண்ணப்பம் மூன்றையும் இணையத்தில் உங்கள் மகளே செய்யலாம். பி2 நிலை ஸ்பானிஷ் தெரிந்த பிள்ளைக்கு அந்தப் படிவங்கள் புரியும். படிவமே புரியவில்லை என்றால் வகுப்பும் புரியாது. அந்த 15,000 ரிங்கிட்டை மொழி வகுப்புக்குச் செலவழித்தால் மகளுக்கு உண்மையான பயன் கிடைக்கும்.

கேள்வி: அர்ஜென்டினாவில் பல்கலைக்கழகப் படிப்பு இலவசம் என்கிறார்களே, அங்கே கணினி அறிவியல் படிக்க முடியாதா?
— வாசகி, ஜார்ஜ்டவுன், பினாங்கு

பதில்: அந்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களில் இளங்கலைக்குக் கட்டணம் வாங்குவதில்லை என்ற கொள்கை 1949இல் வந்தது. புவெனஸ் ஐரிஸ் பல்கலைக்கழகத்தின் கணினி மரபும் பழையது: கணிதவியலாளர் மனுவேல் சதோஸ்கியின் முயற்சியால் ‘கிளெமென்தீனா’ என்று செல்லமாக அழைக்கப்பட்ட ஃபெராந்தி மெர்க்குரி கணினி அங்கே 1961இல் இயங்கத் தொடங்கியது. 1966இல் இராணுவ ஆட்சியின் காவலர்கள் வளாகத்துக்குள் புகுந்து ஆசிரியர்களையும் மாணவர்களையும் தடியால் அடித்தபோது அந்தத் துறையினர் பலர் நாட்டை விட்டு வெளியேறினர். அந்த அடியிலிருந்து மீண்டு எழுந்த துறை என்பதால் எனக்கு அதன்மேல் தனி மதிப்பு உண்டு.

இருந்தாலும் பினாங்கிலிருந்து இளங்கலைக்கு அங்கே போகச் சொல்ல மாட்டேன். பாடம் முழுக்க ஸ்பானிஷில். பொது அடிப்படைச் சுற்று என்ற தொடக்கக் கட்டத்தைக் கடந்த பிறகே துறைக்குள் நுழைய முடியும். நேரம் நம்மைவிட 11 மணி பின்னால். விமானச் செலவு கடுமை. விலைவாசியும் நாணயமும் நிலையாக இருப்பதில்லை. வெளிநாட்டு மாணவர் தொடர்பான விதிகளையும் அண்மையில் இறுக்கி வருகிறார்கள். ஸ்பானிஷ் ஏற்கெனவே சரளமாகத் தெரிந்து, ஆராய்ச்சி நோக்கத்தோடு போகிறவருக்கு மட்டுமே பொருந்தும்.

கேள்வி: ஸ்பெயினில் வாங்கும் பட்டத்துக்கு மலேசியாவில் மதிப்பு உண்டா?
— மாணவி, கெப்போங், கோலாலம்பூர்

பதில்: தனியார் நிறுவனங்களில் தடை ஏதும் இல்லை. மருத்துவம், சட்டம் போலக் கணினித் துறைக்கு இங்கே தொழில் உரிமம் கேட்பதில்லை. நேர்முகத் தேர்வில் நிரல் எழுதிக் காட்டுவதுதான் கேள்வி. அரசாங்க வேலையோ விரிவுரையாளர் பணியோ குறிக்கோள் என்றால், மலேசியத் தகுதி முகமையிடம் அந்தப் பட்டத்தின் ஏற்பு பற்றிப் புறப்படும் முன்பே எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். ஸ்பெயினில் புள்ளி 10க்குப் போடுவார்கள். 5 எடுத்தால் தேர்ச்சி, 7க்கு மேல் நன்று, 9க்கு மேல் மிகச் சிறப்பு. அங்கே 7 எடுப்பது நல்ல மாணவருக்கும் உழைப்பைக் கேட்கும். நம் ஊர் மேலாளர் அதை 70 விழுக்காடு என்று எண்ணித் தாழ்வாக நினைக்கக்கூடும் என்பதால், புள்ளிப்பட்டியலோடு இந்த விளக்கத்தைப் பல்கலைக்கழகத்திடமிருந்து ஆங்கிலத்தில் வாங்கி இணைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகள் முதுகலைக்குப் பார்சிலோனா போகிறாள், இடம் கிடைத்துவிட்டது. சைவ உணவுக்கும் தங்குவதற்கும் என்ன செய்வது? போனவுடன் எதைக் கவனிக்க வேண்டும்?
— தாயார், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: வாழ்த்துகள், அம்மா. உணவைப் பற்றிக் கவலை வேண்டாம். நகரின் ராவல் பகுதியில் பாகிஸ்தானியரும் வங்காளதேசத்தவரும் நடத்தும் மளிகைக் கடைகளில் பருப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், அரிசி எல்லாம் கிடைக்கும். அங்கே மதிய உணவு இரண்டு மணிக்கு, இரவு உணவு ஒன்பதுக்கு மேல். முதல் மாதம் பசி நேரம் ஒத்துப்போகாது, அவ்வளவுதான்.

தங்குமிடம்தான் உண்மையான வேலை. அறையைப் பார்க்காமல், இணையத்தில் படத்தை மட்டும் நம்பி முன்பணம் அனுப்பவே கூடாது. அப்படி ஏமாந்த மாணவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு மாணவர் விடுதியில் இடம் பதிவு செய்துவிட்டு, நேரில் பார்த்த பிறகு ஒப்பந்தம் போடட்டும். ஒப்பந்தத்துக்கு முன், அந்த முகவரியில் நகராட்சிப் பதிவேட்டில் பெயர் சேர்க்க வீட்டுக்காரர் சம்மதிக்கிறாரா என்று கேட்க வேண்டும். அந்தப் பதிவு இல்லாமல் அடுத்த காரியங்கள் நடப்பது கடினம். ஸ்பெயினில் இறங்கிய ஒரு மாதத்துக்குள் வெளிநாட்டவர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கான முன்பதிவு எளிதில் கிடைப்பதில்லை என்பதால், வந்து சேர்ந்த நாளன்றே இணையத்தில் தேடத் தொடங்க வேண்டும். காலை வேளையில் புதிய நேரங்கள் திறக்கப்படுகின்றனவா என்று தினமும் பார்க்கச் சொல்லுங்கள். 30 வயதுக்கு உட்பட்டவருக்கான மூன்று மாதப் பயண அட்டை அங்கே உண்டு. பேருந்துக்கும் மெட்ரோவுக்கும் அது ஒன்றே போதும்.

குளிர்காலத்தில் அங்கே நேரம் நம்மைவிட 7 மணி பின்னால், கோடையில் 6 மணி. நீங்கள் இரவு ஒன்பது மணிக்கு அழைத்தால் அவள் வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையில் இருப்பாள். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு அழையுங்கள், அவளுக்கு அது முற்பகல், ஓய்வாகப் பேசுவாள்.